பற்றுப் பக்கம்

ஜூன் 10

துறைச் சாவியை இன்று கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைத்தேன். வாங்கிக்கொண்டவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த ரூம் சாவி?"

"மாடியில கடைசி ரூம்."

"ஓ, அந்த ஸ்டோர் ரூமா!"

பதினோரு வருடம் அந்த ஸ்டோர் ரூமில்தான் தத்துவம் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த வருடம் சேர்ந்தவர்கள் நான்கே பேர். நான்கு பேருக்காக ஒரு துறையை நடத்த முடியாது என்று முதல்வர் சொன்னது நியாயம்தான். என் வேலையும் வருடா வருடம் நீட்டிக்கிற வேலை. இந்த வருடம் நீட்டிக்கவில்லை. அவ்வளவுதான்.

வாசல் வரை கூட வந்தவள் 'எதிர்வாதம்' மட்டும். எதைச் சொன்னாலும் "ஆனா மிஸ்..." என்று கை தூக்குகிறவள் என்பதால் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர். மேற்படிப்பை முடித்துவிட்டு இந்த ஒரு வருடமாக எனக்கு உதவியாக இருந்தாள். இன்று அவளிடம் ஒரு 'ஆனா' கூட இல்லை.

ஜூன் 14

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் வழக்கம்போல, "இன்னைக்கு என்ன தகராறு?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து இது ஒரு பழக்கம். நாளெல்லாம் அடுத்தவர் வரவு செலவைப் பார்த்துக் களைத்து வருவார். வகுப்பில் அன்றைக்கு எதைப் பற்றி அடித்துக்கொண்டோம் என்று நான் சொல்வேன். ஒன்றும் புரியாது, ஆனால் விடமாட்டார். இன்னொருவருக்குப் பல்வலி என்பது நமக்கு எப்படித் தெரியும், அவர் நடிக்கவில்லை என்பதற்கு என்ன நிச்சயம் என்று ஒருநாள் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "டாக்டர் பில்லு இருக்கே!" என்றார். மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். எதிர்வாதம் மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

இன்று சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இவரே, "நம்ம ஆபீஸுக்கே வந்துடேன். எனக்கும் ஆள் இல்ல. உனக்கா வராது?" என்றார்.

பாப்பா — அப்படிக் கூப்பிடாதே என்று சண்டை போடுகிற வயது வந்துவிட்டது, பத்து — "அம்மாவுக்குக் கழித்தலே வராதேப்பா" என்றாள்.

ஜூலை 1

முதல் நாள். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில், அலமாரிகளுக்கு நடுவே, ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் 'ஃபைல் அக்கா'. உள்ளறையில் இவர் மேஜை. ஜன்னலோரம் எனக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள்.

படியேறும்போதே சொன்னார்: "கிளையன்ட் முன்னாடி 'ஏங்க'ன்னு கூப்பிடாத. சார்னு சொல்லிடு. நானும் மேடம்னு சொல்லிடறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் முதல் தடவை 'ஏங்...' என்று ஆரம்பித்துத்தான் 'சார்' என்று முடித்தேன்.

பணம் உள்ளே வந்தால் அதைப் பற்றுப் பக்கம் எழுத வேண்டுமாம். வெளியே போனால் வரவுப் பக்கம். "வர்றதை ஏன் சார் வரவுன்னு எழுதக்கூடாது?" என்று கேட்டேன். எதிரில் அச்சகக்காரர் உட்கார்ந்திருந்தார். இவருடைய பழைய கிளையன்ட், வாய் கொஞ்சம் நீளம். "பதினோரு வருஷம் பற்றை விடு, பற்றை விடுன்னு சொல்லிக்குடுத்துட்டு இப்ப பற்று எழுத வந்துட்டீங்களே மேடம்!" என்றார். ஃபைல் அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

நல்ல நாள்தான்.

ஜூலை 18

அந்தப் பற்று விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. பாத்திரம் கழுவும்போது மறுபடி கேட்டேன். இவர் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்: "பணப்பெட்டியை ஒரு ஆளா நினைச்சுக்கோ. அது நம்மகிட்ட வாங்கிக்கிச்சு. அப்ப அது நமக்குப் பதில் சொல்லணும்ல? அதான் அதும்பேர்ல பற்று."

ஒரு பெட்டி நமக்குக் கடன்பட்டிருக்கிறது! இதை வைத்து ஒரு வாரம் வகுப்பு நடத்தலாமே என்று தோன்றியது. யாருக்கு நடத்துவது?

ஆகஸ்ட் 9

கடைசித் தேதி நெருங்குகிறது. எல்லோருக்கும் முகம் கடுகடு. பெயின்ட் கடைக்காரர் தன் கடைக்கே அடித்த பெயின்ட்டை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இவரிடம் கேட்டேன். சொன்னார். ஏன் அங்கே என்று கேட்டேன். அதையும் சொன்னார். "அப்ப விக்கறதுக்கு வச்சிருந்தது, தனக்குன்னு எடுத்த நிமிஷத்துல வேற பொருளாயிடுதா?" என்று கேட்டேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டேன்.

பேனாவை வைத்தார். "ஏன் ஏன்னு கேட்டுட்டே இருந்தா ஃபைல் நகராது மேடம். போட வேண்டிய இடத்துல போடுங்க."

கிளையன்ட் யாரும் இல்லை. ஃபைல் அக்கா மட்டும்தான். 'போடு' என்றிருந்தால் இப்படி வலித்திருக்காது. 'போடுங்க' என்றார்.

ஆகஸ்ட் 10

இன்று ஒரு 'ஏன்' கூடக் கேட்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. இவர், "பாத்தியா, வந்துடுச்சு" என்றார்.

அக்டோபர் 22

வீட்டில் உப்பு கேட்டார். எடுத்து நீட்டி, "இந்தாங்க சார்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை? சிரித்திருக்க வேண்டிய விஷயம்தானே.

டிசம்பர் 19

ஆபீஸ் வேலைக்காகப் படித்து எழுதிய கணக்கியல் தேர்வின் முதல் நிலையில் தேறிவிட்டேன். என்னைவிட இவருக்குத்தான் மகிழ்ச்சி. சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். அச்சகக்காரர் அதில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தத்துவம் இனிமே நிக்காது, உருளும்" என்றார்.

எனக்கு இது பிடித்திருக்கிறது என்பதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும். மாலையில் இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்து நிற்கும்போது மனம் ஒரு மாதிரி அடங்குகிறது. பதினோரு வருடத்தில் ஒரு வகுப்பும் அப்படி முடிந்ததில்லை.

பிப்ரவரி 20

அச்சகக்காரர் பழைய பைண்டிங் மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். அதை ஏற்றி வந்த லாரி வாடகை, பொருத்திக் கொடுத்தவர் கூலி, இரண்டையும் இவர் அவசரத்தில் செலவில் எழுதிவிட்டார். அச்சகக்காரர் எதிரில் இருக்கும்போதே நான், "சார், அது செலவு இல்ல. மிஷின் விலையோட சேரணும்" என்றேன்.

அச்சகக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?"

"மேடம் சொல்றதுதான் சரி," என்றார் இவர். அடித்துவிட்டு மாற்றி எழுதினார். பெரிய மனதுதான். வேறு யாராக இருந்தாலும் சப்பைக்கட்டு கட்டியிருப்பார்கள்.

வீடு வரும் வரை வண்டியில் ஒரு பேச்சில்லை. நான்தான் அந்தத் தாளை அமைதியாக அவர் பக்கம் தள்ளியிருக்கலாம். கூட்டத்தில் கை தூக்கும் புத்தி. வகுப்பில் பழகினது, இங்கே வந்து குத்துகிறது.

மார்ச் 4

இப்போதெல்லாம் கிளையன்ட்கள் "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டு வருகிறார்கள். நான் எழுதியதை இவர் முன்பு இரண்டு தரம் சரிபார்ப்பார். இப்போது பார்ப்பதே இல்லை, கையெழுத்துப் போட்டுவிடுகிறார். நம்பிக்கை என்று ஃபைல் அக்கா சொல்கிறார். நம்பிக்கையாகத்தான் இருக்கும்.

மார்ச் 27

கல்லூரி முதல்வர் போனில் கூப்பிட்டார். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன், கையில் மூன்று ஃபைல், கீழே வண்டியில் கிளையன்ட்.

மாலை வகுப்பாகத் தத்துவத்தை மறுபடி தொடங்குகிறார்களாம். வாரத்தில் இரண்டு நாள். பட்டம் வாங்க வேண்டும் என்றில்லை, வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் சேரலாம். "நீங்கதான் எடுக்கணும்னு எனக்கு ஆசை" என்றார்.

"இப்ப முடியாதுங்க சார். ஆபீஸ்ல ரொம்ப வேலை," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார்."

நானா சொன்னேன்! யோசிக்க ஒன்றும் இல்லை என்று!

வேலை அதிகம் என்பது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தானா? ஒன்பது மாதமாக ஒரு தத்துவப் புத்தகத்தையும் தொடவில்லை. கை தூக்கி ஒருத்தி 'ஆனா மிஸ்' என்றால் பதில் வருமா என்ற பயம். அப்புறம் — இங்கே எனக்குக் கிடைக்கிற 'மேடம் இருக்காங்களா' — அதையும் விட மனமில்லை.

இவரிடம் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 30

பாப்பா சாப்பிடும்போது கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டியதை எல்லாம் ஆபீஸ்லயே பேசி முடிச்சுட்டு வந்துடுவீங்களா?"

"ஆமா" என்றேன் நான். "இல்லையே" என்றார் இவர். இரண்டும் ஒரே நேரத்தில்.

ஜூன் 12

எதிர்வாதம் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். படியேறி மூச்சு வாங்க நின்றாள்.

"மிஸ், ஈவினிங் கிளாஸ் எனக்குக் குடுத்திருக்காங்க! நீங்க வேண்டாம்னு சொன்னதாலதான் எனக்குக் கிடைச்சுது. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு ஓடி வந்தேன்."

பக்கத்து மேஜையில் இவர் பேனா நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். சந்தோஷம்தான் — முகத்தில் அது வந்ததா தெரியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "வீட்ல என் புக்ஸ் எல்லாம் பெட்டியில கிடக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வந்து எடுத்துட்டுப் போ. எனக்கு இனிமே எதுக்கு?" என்றேன்.

"மிஸ், எல்லாமேவா?"

"எல்லாமே."

சாயங்காலம் வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தது.

"உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"மார்ச்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

"சொன்னா போன்னுதான் சொல்லியிருப்பீங்க. அப்புறம் ஆபீஸை யார் பாக்கறது?"

"நீ வர்றதுக்கு முன்னாடியும் ஆபீஸ் ஓடிட்டுதான் இருந்துச்சு!"

பாப்பா புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக இப்படி மாங்கு மாங்கென்று உழைக்கிறேன்? யாருடைய மேஜையில் குவிந்ததை எடுத்துப் போட்டேன்? ஓடிட்டுதான் இருந்துச்சாம். ஓடட்டுமே! நாளைக்கே ஓடட்டும்!

ஜூன் 13

காலையில் தேநீர் போட்டு எடுத்து வந்தார். என்னை எழுப்பாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் விழித்துத்தான் இருந்தேன்.

"நேத்து நான் அப்படிச் சொல்ல வரல."

போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன்.

"முன்ன எல்லாம் வீட்டுக்கு வந்தா, எனக்குத் தெரியாதது ஏதாவது ஒண்ணு நீ வச்சிருப்ப. பாதி புரியாது. ஆனா அதைக் கேக்கத்தான் சீக்கிரம் வருவேன்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "இப்ப உன்கிட்ட எனக்குத் தெரியாதது எதுவுமே இல்ல. நான்தானே வான்னு கூப்பிட்டேன். தப்பு என்மேலதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கணக்கில், எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். இதையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஜூன் 15

எதிர்வாதம் வண்டியோடு வந்தாள். "மிஸ், நிஜமாத்தானா?" என்று இன்னொரு முறை கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல அது நல்ல சமயம். இவரும் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வீம்பு. "ஏத்திக்கோம்மா" என்றேன்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக இவர்தான் கீழே இறக்கினார். கடைசிப் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, அதன் மேல் ஒட்டியிருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டார்.

ஜூலை 8

முதல்வருக்குப் போன் செய்தேன். சும்மா விசாரிப்பது போல. இன்னொரு வகுப்பு ஏதாவது உண்டா?

"இப்போதைக்கு இல்லம்மா. இந்தப் பொண்ணு நல்லா எடுக்கறா. உங்க ஸ்டூடண்ட்தானே, சும்மாவா!"

நன்றி சொல்லி வைத்தேன்.

ஜூலை 29

இவர் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறார்! தத்துவத்துக்கு!

ஃபைல் ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "செவ்வாயும் வெள்ளியும் அஞ்சு மணிக்குக் கிளம்பலாம்னு பாக்கறேன். நீ இருக்கியே, ஆபீஸை நீ பாத்துக்குவ. பீஸ் கட்டிட்டேன்."

முதலில் சிரிப்பு வந்தது. நாற்பத்தைந்து வயதில், சின்னப் பிள்ளைகளோடு அந்தக் கடைசி அறையில், முட்டி இடிக்கும் பெஞ்சில்! சிரித்து முடித்த பிறகு ஒன்று தோன்றியது. நான் எடுத்த பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட இவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்ததில்லை. நானும் ஒருநாள்கூட வாங்க என்று கூப்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 12

செவ்வாய். அலுவலகத்தை நான் பூட்டினேன்.

ஆகஸ்ட் 22

சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறார். பாப்பாவும் எதிரில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். "அப்பா, உன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு. மிஸ் திட்டுவாங்க" என்கிறாள்.

ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். நான் அடுப்படியிலிருந்து, "உங்க மிஸ்ஸையே கேளுங்க" என்றேன்.

நன்றாகத் தெரிந்த சொல். எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய சொல். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு இந்தப் பொறாமை எங்கிருந்து வந்தது? அதுவும் அந்தப் பெண்ணிடம்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 16

மேஜையில் என் புத்தகம். முனை மடங்கிய அந்தப் பச்சை அட்டை — பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எதிர்வாதத்திடம் இரவல் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டுமாம்.

"நம்ம புக்குதானே, நீயே படியேன்" என்று என் பக்கம் தள்ளினார்.

"எனக்குப் பரீட்சை வருது," என்றேன். அதுவும் உண்மை. எடுத்து முகர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு தேய்மானக் கணக்குகளைப் போட உட்கார்ந்தேன்.

அக்டோபர் 17

இரண்டாம் நிலைத் தேர்வு முடிந்தது. நன்றாகவே எழுதியிருக்கிறேன். எங்கும் தடுமாறவில்லை. ஒரு கேள்விக்கும் நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 7

மழை. இவர் வகுப்பிலிருந்து நனைந்து வந்தார். தலையைத் துவட்டாமலே பாப்பாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டார். கனவு காணும்போது அது கனவு என்று தெரியுமா, தெரியாதா என்று. அவள் எதிர்த்து எதிர்த்துக் கேட்கிறாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானதுதான். அதை அடுத்த அறையிலிருந்து இதுவரை கேட்டதில்லை, அவ்வளவே.

உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். வவுச்சர்கள் பாக்கி இருந்தன.

நவம்பர் 25, செவ்வாய்

தேறிவிட்டேன். காலையில் முடிவு வந்தது. ஃபைல் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அச்சகக்காரர் போனில், "இனிமே போர்டுல மேடம் பேரும் வரணும், சொல்லிட்டேன்" என்றார். பலகை எழுதுபவரிடம் இவர் போன வாரமே சொல்லி வைத்துவிட்டாராம், முடிவு வருவதற்கு முன்பே.

ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார். "இன்னைக்குக் கிளாஸ் வேணாம். மூணு பேரும் எங்கேயாவது வெளியே போய்ச் சாப்பிடலாமா?"

"நாளைக்குப் போலாம். நீங்க போயிட்டு வாங்க." மனதாரத்தான் சொன்னேன். இரண்டு பெயருள்ள பலகை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்தபோது நான் துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் ஒளி.

"இன்னைக்கு ஒண்ணு சொன்னாங்க, கேளேன். தெரிஞ்சதை யாரும் தேட வேண்டியதில்ல, அதான் தெரியுமே. தெரியாததைத் தேடவே முடியாது. எதைத் தேடறோம்னே தெரியாதப்போ, அது எதிர்ல வந்து நின்னாகூட இதுதான்னு எப்படிக் கண்டுபிடிப்ப? அப்ப தேடறதே வீண். சரிதானே?"

சரியில்லை. வருடா வருடம் நான் சொல்லிக்கொடுத்தது இது. இதற்கான முதல் வகுப்பை வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வந்துவிடுவேன். பிள்ளைகள் குழம்பிப்போய் வீட்டுக்குப் போவார்கள். எதிர்வாதம் படித்த வருடம், மறுநாள் காலையில் வாசலிலேயே என்னை மடக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். அடுத்த வகுப்பில்தான் முடிச்சை அவிழ்ப்பேன். இன்று அவளும் அப்படியே என்னைப் போலச் செய்திருக்கிறாள்.

"மீதியை வெள்ளிக்கிழமைதான் சொல்லுவாங்களாம். அதுவரைக்கும் யாரால பொறுக்க முடியும்? உனக்குத் தெரியுமே. நீ சொல்லேன்."

வாயைத் திறந்துவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பேன்? கரும்பலகையில் ஏதோ வரைவேன். கோடா, கட்டமா? அதைப் பாதியில் நிறுத்தி ஒருத்தியை எழுப்பிக் கேட்பேன். அவள் தப்பாகச் சொல்வாள், பிறகு தானே திருத்திக்கொள்வாள், வகுப்பே "ஓ..." என்று சொல்லும். அந்த "ஓ" நன்றாக நினைவிருக்கிறது. நான் என்ன வரைந்தேன் என்பது நினைவில் இல்லை.

போர்வையைப் பிடித்தபடி நின்றோம்.

"வெள்ளிக்கிழமை கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க," என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவர் பக்கத்து முனைகளை என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த போர்வையை எடுத்தார்.